குடலும் க்ஷயமும்

1921 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பாரிஸ் நகரிலுள்ள சாரித்தே வைத்தியசாலையில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்ற தாய் க்ஷயரோகத்தினால் நலிந்திருந்தவள். பிரசவித்த சிறிது பொழுதிலே மாண்டு போனாள். குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்க வேண்டியதாயிற்று. பாட்டியும் அதே நோயுற்றவள். அக்காலத்தில் இத்தகைய வீட்டிற் புகுந்த சிசு பிழைத்திருப்பது அரிது. வைத்தியசாலையிற் கடமையாற்றிய பெஞ்சமின் வெய்ல் ஆலே என்பார் இக்குழந்தைக்கு ஒரு புதிய மருந்தை அளித்தார். உயிருள்ள க்ஷயக் கிருமிகளே அம்மருந்து. ஆனால் நோய் விளைக்கும் வலிமையை இழந்த கிருமிகள். மொத்தம் ஆறு மில்லிகிராம்; மூன்று வேளையாகப் பகுத்து, வாய் வழியாகக் கொடுக்கப்பட்டது. குழந்தை நோயின்றி வளர்ந்தது.

இன்று பீ. சீ. ஜீ. என்றால் கையிலே ஊசி குத்துவதும், பின்னர் அவ்விடத்தில் ஒரு சிறு வடு எஞ்சுவதுமே நம் நினைவுக்கு வரும். இலங்கையிற் பிறக்கும் குழந்தை வைத்தியசாலையை விட்டு வீடு செல்லுமுன்னர் இடது புயத்தில் அவ்வூசியைப் பெறுகின்றது. ஆனால் அதனைக் கண்டவர்கள் ஊசியை நாடவில்லை, வாயை நாடினார்கள். பச்சைக் குழந்தைக்கு நோவு தரலாகாது என்னும் இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. க்ஷயம் மனிதனுடலிற் புகும் வாசல் குடலே என்று அவர்கள் திடமாக நம்பினார்கள். பகைவன் புகும் வாசலிலே காவலை நிறுத்துவதுதானே முறை!

இந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பதை அறிய நாற்பதாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் திகதி பேர்லின் நகரிலே ரொபேட் கொக் க்ஷயரோகத்தை விளைக்கும் கிருமியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். கிருமி இன்னதென்பது தெளிவாகிவிட்டது. அது எவ்வழியாக வருகின்றது என்பதோ தெளிவாகவில்லை. நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்டுளிகள் மூச்சோடு சுவாசப்பையை அடைகின்றன என்றார் புளூகே என்னும் ஜெர்மானிய அறிஞர். தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து கண்ட பெரிங் இதனை ஏற்கவில்லை. குழந்தைப் பருவத்திற் பாலோடு குடலுட் சென்ற கிருமியே பல்லாண்டு மறைந்து கிடந்து பின்னர் சுவாசப்பையிலே தலைகாட்டுகின்றது என்று அவர் 1903 இல் வாதிட்டார். கொக்கோ, மாட்டின் க்ஷயம் மனிதரைப் பெரிதும் தாக்காது என்று 1901 இல் இலண்டன் மகாநாட்டிற் கூறி, கேட்டோரைத் திகைக்க வைத்தார். பிரித்தானிய அரசு அதே ஆண்டில் நியமித்த ஆணைக்குழு பத்தாண்டு ஆராய்ந்து, இவ்விடயத்திற் கொக் தவறினார் என்று முடிவு கூறியது. பசுப்பாலின் வழியாகவும் மனிதருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, க்ஷயம் வருகின்றது என்பது நிலைபெற்றது.

பிரான்சு தேசத்தின் வடக்கே லில் என்னும் நகரம் நெசவாலைகள் நிறைந்தது, க்ஷயமும் நிறைந்தது. அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தின் தலைவராயிருந்தவர் அல்பேட் கல்மெட். அவர் முன்னர் கடற்படை வைத்தியர். சைகோன் நகரிலே பாஸ்டர் நிலையமொன்றை நிறுவியவர். பாம்பு விடத்துக்கு மாற்று மருந்து கண்டு புகழீட்டியவர். அவருக்குத் துணைவராக வந்தவர் கமீல் கெரன் என்னும் மிருக வைத்தியர். கெரனுடைய தந்தை க்ஷயத்தால் இறந்தவர். பின்னர், 1918 இல், அவர் மனைவியும் மூளையுறையைத் தாக்கும் க்ஷயத்தினால் இறந்தார். இந்நோயோடு அவருக்கிருந்த பகை ஏட்டளவில் நின்ற பகையன்று.

இருவரும் ஆடுகளுக்குக் கிருமியை உணவோடு ஊட்டிப் பார்த்தனர். குடலை அடுத்த நிணநீர்க் கணுக்களிலும், பின்னர் சுவாசப்பையிலும் நோய் தோன்றக் கண்டனர். இதனை வைத்துக்கொண்டு, மனிதரின் சுவாசப்பை நோயும் பெரும்பாலும் குடலிலிருந்தே வருகின்றது என்று கல்மெட் முடிவு கட்டினார். இம்முடிவு தவறானது. ஆட்டுக்குக் குடல் வழியாக நோயை ஊட்ட முடியும் என்பதனால் மனிதருக்கு அவ்வழியாகவே நோய் வருகின்றது என்பது பெறப்படாது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், அமெரிக்காவின் போல்டிமோர் நகரிலே நோயாளர் விடுதியிலிருந்து வெளியேறுங் காற்றைக் கினிப் பன்றிகள் சுவாசிக்குமாறு செய்தனர். காற்றையன்றி வேறெத்தொடர்புமில்லாத அப்பிராணிகள் நோயுற்றன. புளூகே கூறியதே பெரிதும் உண்மையென்பது ஐயத்துக்கு இடமின்றித் துலங்கிற்று. ஆனால் கல்மெட்டின் இத்தவறான கொள்கையிலிருந்துதான் உலகம் இன்றும் பயன்படுத்தும் ஒரே க்ஷயத் தடுப்பு மருந்து பிறந்தது.

குடலைப் பற்றிப் பேசும்போது பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அக்காலத்திலிருந்த மற்றொருவரை மறத்தலாகாது. எலி மெச்னிக்கொவ் என்னும் அந்த உருசிய அறிஞரின் முதன் மனைவி லுட்மிலா, க்ஷயத்தினால் மெலிந்து 1873 இல் மதேரா தீவிலே இறந்தார். ஆற்றாமையால் தம்முயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றவர் மெச்னிக்கொவ். கொக் க்ஷயக் கிருமியைக் கண்ட அதே 1882 இல், அவர் சிசிலித் தீவின் மெசீனாவிலிருந்து ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குடம்பியொன்றில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். அம்முள்ளைச் சூழ அசையுங் கலங்கள் திரண்டு நிற்பதை மறுநாட் கண்டார். புகுந்த பகையை விழுங்குங் கலங்கள் உடலில் உண்டு என்னும் கொள்கை அன்று உருவாயிற்று. நிர்ப்பீடனம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908 இல் அவர் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

முதுமையில் அவர் கருத்துக் குடலின் பக்கந் திரும்பியது. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் நஞ்சைச் சுரந்து உடலை முதுமைப்படுத்துகின்றன என்றும், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் அந்நஞ்சை அடக்குமென்றும் அவர் எழுதினார். தயிரும் மோருமின்றி உணவு நிறைவுறாத நம்மவர்க்கு இது வியப்பளிக்காது. பாரிஸ் மாந்தரோ மருந்துக் கடையிற் புளித்த பாலை வாங்கத் தொடங்கினர். 1911 இல் அவர் அஸ்திரகான் புல்வெளிகளிலே திரியும் கல்மீக் மக்களிடையே க்ஷயத்தை ஆராயவுஞ் சென்றார். குடற் கிருமிகளும் க்ஷயமும் ஆகிய இரண்டையும் ஆராய்ந்த அப்பேரறிஞர் அவ்விரண்டையும் ஓர் இழையில் இணைத்திலர். அவரைப் பொறுத்தவரையிற் குடலில் வாழும் கூட்டம் பெரும்பாலும் பகைக் கூட்டமே.

லில் நகரிலே 1908 இல் தொடங்கிய வேலை பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. நோயுற்ற பசுவொன்றின் மடியிலிருந்து பெற்ற கொடிய கிருமியைக் கல்மெட்டும் கெரனும் கிளிசரீன் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் வளர்த்தனர். கிருமிகள் கட்டி கட்டியாகத் திரண்டு தொல்லை தந்தன. அதனைத் தடுக்க மாட்டின் பித்தநீரைச் சேர்த்தனர். அவ்வாறு சேர்த்தபின் கிருமியின் கொடுமை சிறிது சிறிதாகக் குன்றுவதைக் கண்டனர். ஈரலிற் சுரந்து குடலைச் சேரும் பித்தநீரே கிருமியை அடக்கும் கருவியாக வாய்த்ததும் ஒரு விந்தையே. மூன்று கிழமைக்கு ஒரு தடவை புதிய துண்டுக்கு மாற்றினர். 1914 இல் ஜெர்மானியப் படை லில் நகரைக் கைப்பற்றியது. உருளைக்கிழங்கு விலையேறியது, பித்தநீரை ஜெர்மானிய மிருக வைத்தியரிடமே பெறவேண்டியதாயிற்று. மாற்றுதல் நிற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் 230 தடவைகள் மாற்றிய பின் கிடைத்த கிருமி எந்தப் பிராணியையும் கொல்லவில்லை. அதுவே கல்மெட், கெரன் ஆகிய இருவர் பெயரையுந் தாங்கிய பீ. சீ. ஜீ.

1924 முதல் 1928 வரை பிரான்சில் 114,000 சிசுக்கள் இதனை உட்கொண்டன. பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. மருந்துண்ட குழந்தைகளிடையே மரணம் வெகுவாகக் குறைந்துவிட்டதென்று கல்மெட் கணக்குக் காட்டினார். பிரித்தானிய புள்ளிவிபர நிபுணர் மேஜர் கிறீன்வூட் அக்கணக்கைக் கடுமையாகக் கண்டித்தார். மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் எல்லா வகையிலும் ஒத்தவர்களாகத் தெரிந்தெடுத்து ஒப்பிடவில்லை என்பது அவர் குறை. அக்குறை நியாயமானதே. எனினும் 1928 இல் சர்வதேச சங்கம் கூட்டிய நிபுணர் மகாநாடு மருந்து அபாயமற்றது என்று ஏற்றது.

அதன் மறு ஆண்டிலே ஜெர்மனியின் லூபெக் நகர் இதனைத் தன் குழந்தைகளுக்கு அளிக்க முன்வந்தது. பாரிஸிலிருந்து விதைக் கிருமி வந்தது. மருந்தைத் தயாரித்தது நகர வைத்தியசாலையின் ஆய்வுகூடம். அதற்குப் பொறுப்பாயிருந்தவர் பேராசிரியர் கியோர்க் டைக்கே. 1929 டிசம்பர் முதல் 1930 ஏப்பிரல் வரை 251 சிசுக்கள், பிறந்த முதற் பத்து நாட்களுக்குள், மூன்று வேளையாக அதனை உட்கொண்டன. வசந்த காலத்திற் குழந்தைகள் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. வயிறு வீங்கியது, கழுத்துக் கணுக்கள் பருத்தன. 72 குழந்தைகள் க்ஷயத்தால் இறந்தன. 173 குழந்தைகள் நோய்க்குறிகளைக் காட்டியும் தப்பின.

உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. மருந்து தன் பழைய கொடுமையை மீளப் பெற்றுவிட்டது என்றனர் பலர். கல்மெட்டைக் குற்றவாளியாக்கின பத்திரிகைகள். ஆனால் லுட்விக் லாங்கே, புறூனோ லாங்கே ஆகிய ஆராய்ச்சியாளர் நுணுகி ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. கீல் நகரிலிருந்து பெற்ற கொடிய மனித க்ஷயக் கிருமி அதே ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டிருந்தது. சில வளர்ப்புக்களிற் பச்சை நிறங் காட்டுவது அதன் தனி அடையாளம். இறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த கிருமியும் அவ்வடையாளத்தைக் காட்டியது. பாரிஸ் மருந்தோடு கீல் கிருமி கலந்துவிட்டது! 1931 ஒக்ரோபரில் தொடங்கிய வழக்கு 1932 பெப்ரவரியில் முடிந்தது. டைக்கே இரண்டாண்டுச் சிறையும், சுகாதாரத் தலைவர் அல்ற்ஸ்ரெற் பதினைந்து மாதச் சிறையும் பெற்றனர். மனிதரிடம் புதிய மருந்தைச் சோதிப்பதற்கு அவரது, அல்லது அவருக்குப் பொறுப்பானவரது, சம்மதம் வேண்டுமென்னும் விதிகளை ஜெர்மானிய அரசு 1931 இல் வெளியிட்டதற்கு இவ்வவலமும் ஒரு காரணம். கல்மெட் குற்றமற்றவரென்பது நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அவர் மனமுடைந்து 1933 இல் இறந்தார்.

லூபெக்கின் பின்னர் வாய் வழி மருந்து படிப்படியாகக் கைவிடப்பட்டது. சுவீடன் தேசத்து வால்கிரென் 1927 முதலே தோலினுட் குத்தும் முறையைக் கையாண்டு வந்தார். குத்தினால் அளவு திட்டமாகத் தெரியும். விழுங்கினால் எவ்வளவு உட்சென்றது, எவ்வளவு வீணாயிற்று என்று எவரே கூறுவர்? உலகம் ஊசியை ஏற்றது. இலங்கையிற் பீ. சீ. ஜீ. 1949 இல் வந்தபோது அது ஊசியாகவே வந்தது. பிரேசில் தேசம் மாத்திரம் 1970 களின் நடுப்பகுதி வரையில் வாய் வழி முறையை விடவில்லை. குடல் பற்றிய பேச்சு க்ஷய ஆராய்ச்சியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இதற்கிடையிற் சிகிச்சை முறையும் மாறிற்று. 1943 இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணங்கியிலிருந்து ஸ்ரெப்டோமைசின் கிடைத்தது. 1952 இல் ஐசோனியசிட் வந்தது. அதற்கு முன்னர் மலைச்சாரற் காற்றும், பூரண ஓய்வும், பாலும் முட்டையும் நிறைந்த போசனமுமே நோயாளியின் கதியாயிருந்தன. 1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷய மருந்தாய்வு நிலையம் 193 வறிய நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை ஆரோக்கிய நிலையத்திலும் மறு கூற்றாரைத் தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோர் உண்டது குறைந்த உணவு, வேலையுஞ் செய்தனர். ஆயினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவிற் குணமடைந்தனர். 1959 இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்கள் மூடப்படுவதற்கு வழிகோலியது. மருந்துண்டாயின் உணவும் உடலின் தற்காப்பும் இரண்டாம் பட்சமே என்னும் எண்ணம் வைத்தியருள்ளத்தில் வேரூன்றியதும் இக்காலத்திலேயாம். அவ்வெண்ணம் சென்னை ஆய்வு கூறியதற்கு அப்பாற் சென்றதொன்று.

அதே தமிழ்நாட்டிலிருந்து மற்றொரு செய்தியும் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியோரைப் பீடிக்கும் சுவாசப்பைக் க்ஷயத்தைப் பீ. சீ. ஜீ. அங்கு தடுக்கவில்லை என்று 1979 இற் கூறியது. பிரித்தானியாவிலோ பள்ளிப் பிள்ளைகளிடையே அது நன்கு பயன்பட்டிருந்தது. ஒரே மருந்து ஒரு நாட்டிற் காக்கின்றது, மற்றொரு நாட்டிற் கைவிடுகின்றது. மண்ணிலும் நீரிலும் வாழும் க்ஷயக் கிருமியின் இனத்தவை உடலின் எதிர்ப்பை முன்னரே மாற்றிவிடுகின்றன என்பது இதற்குக் கூறப்பட்ட முக்கிய விளக்கம். உடலோடு உறவாடும் வேற்று நுண்ணங்கிகள் க்ஷயத்துக்கெதிரான நிர்ப்பீடனத்தை வளைக்கக்கூடும் என்னும் கருத்து இவ்வாறு புதிதாக நுழைந்தது.

இருபத்தொராம் நூற்றாண்டிற் குடல் மீண்டும் அரங்கேறியது. நுண்ணங்கிகளின் பரம்பரை அலகுகளை வாசிக்கும் கருவிகள் கைவந்தபின், ஆய்வுகூடத்தில் வளர மறுக்கும் குடற் பற்றீரியாக்களையும் இனங்காண முடிந்தது. 2014 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், காற்று வழியாகக் க்ஷயம் தொற்றிய எலிகளிற் குடற் பற்றீரியாக்களின் வகைகள் விரைவிற் குறைவதைக் கண்டனர். நோயோ சுவாசப்பையில்; மாற்றமோ குடலில். 2016 இல் சண்டிகாரிலுள்ள நுண்ணங்கியியல் நிலையத்தார் இதனைத் திருப்பிப் பார்த்தனர். பல இனக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளை முதலிற் கொடுத்து எலியின் குடலை வெறுமையாக்கிப் பின்னர் க்ஷயத்தைத் தொற்ற வைத்தனர். அவ்வெலிகளின் சுவாசப்பையிற் கிருமி பெருகியது. பிற உறுப்புக்களுக்கும் பரவியது. மெச்னிக்கொவ் கண்ட விழுங்கு கலங்களைத் தூண்டியெழுப்பும் காமா இன்ரர்பெரோன் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் குறைந்திருந்தன. எதிர்ப்பை அடக்கும் கலங்கள் மிகுந்திருந்தன. நலமுள்ள எலியின் மலத்திலிருந்து பற்றீரியாக்களை மீளக் குடியேற்றியபோது எதிர்ப்புச் சக்தி பெரிதும் திரும்பியது.

குடலிலிருந்து சுவாசப்பைக்குச் செய்தி எவ்வாறு செல்கின்றது? வழிகள் பல. நாம் உண்ணும் தானியம், கீரை ஆகியவற்றின் நார்ப்பொருளைக் குடற் பற்றீரியாக்கள் புளிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குருதியோடு கலந்து என்புமச்சையிலும் பிறவிடத்தும் உருவாகும் காவற் கலங்களின் இயல்பை மாற்றுகின்றன. இன்னும், பல பற்றீரியாக்கள் பீ2 உயிர்ச்சத்தை ஆக்கும்போது தோன்றும் இடைப் பொருட்களை அடையாளங் கண்டு விழித்தெழும் ஒருவகை வெண்கலங்கள் நம் சுவாசப்பையில் உள. பற்றீரியாவே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் இக்கலங்கள் வளர்வதில்லை. பிரான்சிய ஆராய்ச்சியாளர் 2018 இல், குடற் பற்றீரியாக்களை இழந்த எலிகளில் இக்கலங்கள் குன்றுவதையும், தொற்றிய முதல் நாட்களிற் க்ஷயக் கிருமி சுவாசப்பையில் எளிதிற் குடிகொள்வதையும் காட்டினர்.

எலியிற் கண்டதை மனிதர் மேலேற்றிக் கூறுவது கல்மெட் ஆட்டை வைத்துச் செய்த பிழையையே மறுபடியுஞ் செய்வதாகும். மனிதரிடங் கிடைத்த சான்றுகள் சிலவே. பங்களாதேசத்துக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தோர் 2014 இல் ஒரு தொடர்பைக் கண்டனர். தாய்ப்பாலுண்ணும் சிசுவின் குடலிற் செழிக்கும் பிபிடோபற்றீரியா மிகுந்திருந்த குழந்தைகள் பீ. சீ. ஜீ. க்கு வலுவான எதிர்விளைவைக் காட்டின. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த செய்தியோ மாறானது. அங்கு எயிட்ஸ் கிருமியோடு வாழ்வோரிடையே, குருதியிற் சிறு கொழுப்பமிலங்கள் மிகுந்திருந்தவர்களையே க்ஷயம் கூடுதலாகப் பற்றியது என 2017 இல் அறிவிக்கப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் அதே பொருள், போர் வேண்டிய இடத்திலும் படையைத் தணித்துவிடுகின்றது போலும். தயிருண்டால் க்ஷயம் வாராது என்று விளம்பரஞ் செய்ய விரும்புவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மருந்தின் பக்கமும் ஒரு கேள்வி எழுந்துள்ளது. 1965 இற் கண்டறியப்பட்டு இன்று க்ஷயச் சிகிச்சையின் தூணாக விளங்கும் றிபம்பிசின், க்ஷயக் கிருமியை மட்டுமன்றி வேறு பல பற்றீரியாக்களையுங் கொல்லும். ஆறு மாதம் நாடோறும் அதனை விழுங்கியே தீரவேண்டும். எயிற்றி நாட்டிலே சிகிச்சை முடித்துக் குணமடைந்தோரை ஆராய்ந்தபோது, ஓராண்டுக்கு மேலாகியும் அவர்தங் குடற்கூட்டம் பழைய நிலைக்கு மீளவில்லை என 2017 இற் காணப்பட்டது. ஒருமுறை குணமானவரைக் க்ஷயம் மீண்டும் பற்றும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி என்பது வைத்தியர் நெடுநாளாக அறிந்ததே. இவ்விரண்டுக்குந் தொடர்புண்டு என்று நிறுவப்படவில்லை. ஆயினும் அதன் பொருட்டு மருந்தைக் கைவிடுதல் தற்கொலைக்கொப்பாகும். 2023 ஆம் ஆண்டிற் க்ஷயத்தால் இறந்தோர் தொகை பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டது.

லூபெக் பதிவேடுகள் அழியவில்லை. 2016 இல் அவை மீண்டும் ஆராயப்பட்டன. எந்தக் குழந்தை எவ்வளவு கொடிய கிருமியை விழுங்கியது என்பதை ஏறத்தாழக் கணித்துப் பார்த்தபோது, அளவு கூடக்கூட நோயுங் கூடியது புலனாயிற்று. ஆனால் ஒரே அளவை விழுங்கிய குழந்தைகளுட் சில மாண்டன. சில சிறு நோயுற்றுத் தேறின. நோயின் முதற் களம் அக்குழந்தைகளின் குடலாகவே இருந்தது. பிறந்து பத்து நாட்கூட நிரம்பாத அக்குடல்களில் அப்போது வேறெந்தப் பற்றீரியாக்கள் குடியேறியிருந்தன என்று 1930 இல் எவரும் பார்த்திலர். பார்க்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதுமில்லை.